இடத்தை மீறி வளர்ந்த வீட்டுத் தோட்டச் செடிகள்: எதை வெட்டுவது, எதை இடம் மாற்றுவது, எதை எடுத்துவிடுவது

வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 3 அடி, 4 அடி மண். அதில் கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை, மாடிவரை ஏறிய ரங்கூன் மல்லி. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் தோட்டம். செடி ஜன்னலை மறைத்ததும் பலரும் அரிவாளை எடுத்து எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டத்தில் சீவிவிடுகிறார்கள். இரண்டே மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாக வந்து நிற்கும்.

காரணம் எளிது. கிளையின் நுனி மொட்டு கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் வெட்டுக்குக் கீழே உள்ள நாலைந்து கணுக்களும் ஒரே நேரத்தில் துளிர்க்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் ஐந்து கிளை. அதனால் எங்கே வெட்டுகிறோம், வெட்டிய பிறகு வரும் துளிரை என்ன செய்கிறோம் என்ற இரண்டும்தான் செடியின் அளவைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அளந்து முடிவு செய்யுங்கள்

டேப்பை எடுத்து, செடி நிற்கும் இடத்தில் உண்மையில் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று பாருங்கள். நடக்க வழியும் சுவருக்குக் காற்றும் விட்டது போக மிஞ்சுவதுதான் செடிக்கான இடம்.

ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கழித்தால் செடி அந்த இடத்துக்குள் அடங்குமா? அடங்கும் என்றால் கவாத்து, அதாவது கிளை கழித்தல், போதும். ஒவ்வொரு தடவையும் பாதிக்கு மேல் வெட்டினால்தான் அடங்கும் என்றால் அது இடத்துக்குப் பொருந்தாத செடி. தண்டு 2 அங்குலத்துக்குள் இருந்தால் இடம் மாற்றலாம். அதற்கு மேல் பருத்திருந்தால் எடுத்துவிட்டு, அந்த மண்ணில் அடங்கும் வேறொன்றை வைப்பதே நல்லது.

தென்னை, பாக்கு போன்ற ஒற்றைத் தண்டு மரங்களுக்குக் கவாத்து கிடையாது. வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான். உயரத்தைக் குறைக்க மண்டையை வெட்டினால் மரம் செத்துவிடும். புதராக வளரும் அரிகா பனையில் மட்டும் வேண்டாத தண்டுகளை அடியோடு எடுக்கலாம். தூஜா, தொட்டியில் விற்கும் கிறிஸ்துமஸ் மரம் ஆகியவை இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பது அரிது. அவற்றில் பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டுமே வெட்டுங்கள்.

2. மாதம் பாருங்கள்

செடி எந்தக் கிளையில் பூக்கிறது என்பதை வைத்துத்தான் மாதம் அமைகிறது.

செம்பருத்தி, காகிதப்பூ, குண்டுமல்லி, கொய்யா எல்லாம் புதுத் துளிரில் பூப்பவை. வெட்டினால் பூ கூடும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. கொய்யாவுக்கு செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் கிளை நுனிகளில் 10 முதல் 15 செ.மீ. எடுத்தால் பக்கக் கிளை வந்து காய் பிடிக்கும்.

மா அப்படியல்ல. முற்றிய கிளையின் நுனியில்தான் பூக்கும். காய் பறித்து முடித்த கையோடு, ஆகஸ்டுக்குள் கவாத்தை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு வரும் துளிர் முற்றுவதற்குச் சில மாதங்கள் வேண்டும். அக்டோபரில் வெட்டினால் டிசம்பர்-ஜனவரியில் மரம் முழுக்க இலைதான் இருக்கும், பூ இருக்காது.

மற்றவற்றுக்கு மாசி நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரை, வைகாசியில் பெரிய கவாத்து வேண்டாம். நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென நேர் வெயில் பட்டால் வெடித்து உரியும். அந்த மாதங்களில் வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், வெயில் படும் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள். வடகிழக்கு மழை பிடித்த பிறகும் தவிர்க்க வேண்டும். ஈரக் காயத்தில் பூஞ்சை புகுந்து, கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காயும். மல்லிக்கு அந்த மாதம் வந்தால், இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு வெட்டுங்கள். கடலோர ஊர்களில் உள்ளவர்கள் கனத்த மரங்களைச் செப்டம்பருக்குள் உள்கழித்து லேசாக்கிவிடுங்கள். அடர்ந்த மரம் புயல் காற்றை முழுதாக வாங்கிச் சாயும், இடைவெளி உள்ள மரத்தில் காற்று ஊடுருவிப் போய்விடும்.

3. கையில் வேண்டியவை

விரல் பருமன் வரை கைக் கத்தரி. அதற்கு மேல் கவாத்து ரம்பம். அரிவாள் பெரிய கிளையைத் துண்டு போடுவதற்கு மட்டும். செடியில் நிற்கும் கிளையை அரிவாளால் வெட்டினால் கட்டை பிளக்கும், பட்டை நார் நாராகக் கிழியும். அந்தப் பிளவில் தண்ணீர் தங்கி அழுகும்.

தடித்த கையுறை வேண்டும். காகிதப்பூ, எலுமிச்சை முள்ளுக்கு மெல்லிய துணியுறை போதாது. கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், வளைத்துப் பிடித்த கிளை விடுபட்டால் நேராக முகத்துக்குத்தான் வரும். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் கத்தரியைச் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். எலுமிச்சையின் சொறிநோய், செம்பருத்தியின் மாவுப்பூச்சி இரண்டும் கத்தரியோடு சேர்ந்தே பயணம் செய்யும்.

4. வெட்டுமுன் ஒரு சுற்று

கிளை மின்கம்பியைத் தொடுகிறதா? ஓர் ஆள் நீளத்துக்குள் கம்பி வந்தாலும் நீங்கள் ஏறாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். பச்சைக் கிளையிலும், ஈரமான ஏணியிலும் மின்சாரம் பாயும்.

பறவைக் கூடு, தேனடை, குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முருங்கையின் அடித்தண்டை மழைக்காலத்தில் நன்றாகப் பார்க்க வேண்டும். கம்பளிப்பூச்சி பட்டையோடு பட்டையாகக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், கை பட்ட பிறகுதான் தெரியும். முருங்கையில் ஏறவும் கூடாது, அதன் கிளையில் ஏணியைச் சாய்க்கவும் கூடாது. பார்க்கப் பருமனாக இருக்கும், பாரம் ஏறியதும் சட்டென்று முறியும்.

காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரம் நீங்களே நட்டதானாலும் உள்ளாட்சியின் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும்.

5. வெட்டும் வரிசை

முதலில் காய்ந்தவை, நோய் கண்டவை. இவை போனதும் செடியின் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரியும். பாதிச் செடிகளில் இதோடு வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, ஒன்றோடொன்று உரசும் கிளைகள், செடியின் நடுவை நோக்கி வளரும் கிளைகள், அடியிலிருந்து நேராக நிமிர்ந்து வரும் நீர்ப்போத்துகள். ஒட்டுக் கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை ஈவு இரக்கமின்றி எடுங்கள். அது வேர்ச்செடியின் துளிர். விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அதுவே அமுக்கிவிடும்.

மூன்றாவதாகத்தான் உயரமும் அகலமும். கிளையை நடுவில் சீவாதீர்கள். மிக நீண்ட கிளையை அதன் பக்கக் கிளை பிரியும் கவட்டை வரை பின்தொடர்ந்து போய், அங்கே எடுங்கள். மிச்சமிருக்கும் பக்கக் கிளை, வெட்டப்பட்டதின் மூன்றில் ஒரு பங்கு பருமனாவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது தலைமையை எடுத்துக்கொள்ளும், வெட்டிய இடத்தில் துளிர்க்கூட்டம் வராது. செடி குட்டையாகவும் தெரியும், வெட்டிய தடமும் தெரியாது.

நுனிகளைக் கடைசியில் பாருங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, வெளிப்புறம் பார்த்த மொட்டுக்கு மேலாக, மொட்டின் எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். அடுத்த கிளை மொட்டு பார்த்த திசையில்தான் போகும். சுவரைப் பார்த்த மொட்டுக்கு மேல் வெட்டிவிட்டு, செடி சுவரில் இடிக்கிறது என்று வருந்திப் பயனில்லை.

மொத்தத்தில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. மருதாணி, செம்பருத்தி, நந்தியாவட்டை, முருங்கை, மேலே சொன்ன குண்டுமல்லி, முல்லை போன்றவை கட்டையாக வெட்டினாலும் துளிர்த்துவிடும்.

6. பருத்த கிளைக்கு மூன்று வெட்டு

மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போன கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், முழுக்க அறுபடுமுன் பாரம் தாங்காமல் முறிந்து, தண்டின் பட்டையையும் ஒரு முழம் உரித்துக்கொண்டு விழும்.

தண்டிலிருந்து 1 அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்கு 2 அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக முழுதும் அறுங்கள். கிளை கீழ்வெட்டு வரை கிழிந்து அங்கேயே நின்று விழும். மிஞ்சிய 1 அடிக் கட்டையை இப்போது நிதானமாக எடுக்கலாம்.

எங்கே எடுப்பது என்பதில்தான் கவனம். கிளை தண்டில் சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு வீக்கம் சுருக்கங்களோடு தெரியும். காயத்தை மூடும் திசு அந்த வீக்கத்தில்தான் இருக்கிறது. அதை ஒட்டி, அதற்கு வெளியே வெட்டுங்கள். தண்டோடு மட்டமாக வழித்தெடுத்தால் வீக்கமும் போய்விடும், காயம் மூடாது. கை நீளத்துக்குக் கட்டை விட்டாலும் அது காய்ந்து, கரையான் உள்ளே போக வழியாகும்.

7. காயத்துக்குப் போர்டோ பசை

1 அங்குலத்துக்குக் குறைவான வெட்டுகளுக்கு எதுவும் தேவையில்லை, தானாக ஆறும். பெரியவற்றுக்கு மட்டும், பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது, மயில்துத்தம் இரும்பை அரிக்கும், கரைசலில் உள்ள செம்பும் இரும்பில் படிந்து வீணாகும். இன்னொரு வாளியில் மீதி அரை லிட்டரில் சுண்ணாம்பை நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆறியதும் துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள்.

பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். படியாத பசையை மட்டும், அன்றைக்கே பிரஷால் பூசுங்கள். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் இருக்காது. மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

8. துளிர் கழித்தல்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். கவாத்து வெற்றியா தோல்வியா என்பதும் இங்கேதான் முடிவாகிறது.

வெட்டிய மூன்று நான்கு வாரத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். செம்பருத்தியில் ஒரே இடத்தில் ஏழெட்டுகூட வரும். விரல் நீளம் வந்ததும், வெளிப்புறம் பார்த்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கையால் பக்கவாட்டில் ஒடித்துவிடுங்கள். கத்தரி வேண்டாம். ஒடிக்கும்போது அடி மொட்டும் சேர்ந்து வந்துவிடும். கத்தரித்தால் அடியில் மிஞ்சும் மொட்டு மறுபடி முளைக்கும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

இந்த நேரத்தில் யூரியா போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு, நெகிழ்ந்து, பூச்சியை அழைக்கும். செடி ஒன்றுக்கு இரண்டு கை மண்புழு உரம் போதும். இளந்துளிரில் மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெய் 5 மி.லி.யை 1 லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

9. சில செடிகளுக்குத் தனிக் குறிப்பு

முருங்கை: கன்று 75 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். காய்ப்பு முடிந்ததும் செடிமுருங்கையைத் தரையிலிருந்து 90 செ.மீ.யில் வெட்டிவிட்டால், நாலைந்து மாதத்தில் கைக்கெட்டும் உயரத்தில் மறுபடி காய்க்கும்.

கறிவேப்பிலை: 1 மீட்டரில் நுனி கிள்ளினால் ஐந்தாறு கிளை பிரியும். இலையை உருவாமல் கொத்தோடு வெட்டி எடுங்கள், அறுவடையே கவாத்தாகிவிடும். அடியைச் சுற்றி ஆழமாகக் கொத்தாதீர்கள். வேர் அறுபடும் இடத்திலெல்லாம் கன்று முளைத்து, ஒரு செடி ஒரு பாத்தியையே பிடித்துக்கொள்ளும்.

ரங்கூன் மல்லி: மேலே மட்டும் வெட்டினால் அடி மொட்டையாகிக் கூரையில் பந்தாகச் சுருளும். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பழைய தண்டுகளைத் தரையோடு எடுங்கள்.

காகிதப்பூ: ஒரு பூப்பு முடிந்ததும் வெட்டுங்கள். பிறகு தண்ணீரைக் குறையுங்கள், தண்ணீர் கூடினால் இலைதான் வரும்.

வாழை: தாய் ஒன்று, அடுத்த கன்று ஒன்று. ஈட்டி போல ஒடுங்கிய இலை உள்ள கன்றை வைத்துக்கொண்டு, அகல இலைக் கன்றுகளைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மண் மட்டத்தில் அறுத்தால் சில நாளிலேயே மறுபடி குருத்து எழும்.

சப்போட்டா: காய்ந்ததையும் தரையைத் தொடுவதையும் தவிர எதையும் தொடாதீர்கள். மெதுவாக வளரும் மரம், வெட்டினால் மீள நாளாகும்.

10. தொட்டியை நிறைத்த வேர்

ஊற்றிய தண்ணீர் நிமிடத்தில் அடியில் வருகிறது, காலையில் ஊற்றியும் நண்பகலில் வாடுகிறது என்றால் தொட்டிக்குள் மண் தீர்ந்து வேர்தான் இருக்கிறது. இடம் இருந்தால் 2 அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக மிகப் பெரிய தொட்டிக்குப் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

அதே தொட்டியில்தான் வைக்க வேண்டுமென்றால், முந்தின நாள் தண்ணீர் விட்டு, வேர்ப்பந்தை முழுதாக எடுங்கள். அடியில் கால் பங்கு, சுற்றிலும் 1 அங்குலம் பழைய கத்தியால் சீவுங்கள். வளையமாகச் சுற்றிய தடித்த வேர்களைக் கட்டாயம் அறுக்க வேண்டும், விட்டால் தண்டையே நெரிக்கும். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தேங்காய்நார்க் கழிவு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். வேரைக் குறைத்ததற்கு ஈடாக மேலே கிளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பத்து நாள் நிழலில் வையுங்கள்.

மாடியில் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். துளை வழியே இறங்கும் வேர் ஓட்டின் விரிசலுக்குள் போனால் அடுத்த மழையில் கூரை ஒழுகும்.

11. இடம் மாற்றுதல்

ஒரே நாளில் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தூரத்தில் இருக்கின்றன, அவை அங்கேயே அறுந்து நின்றுவிடும். முதலில் தண்டுக்கு அருகே புது வேர் வர வைக்க வேண்டும்.

தண்டின் விட்டம் 1 அங்குலம் என்றால் வேர்ப்பந்து 10 முதல் 12 அங்குல விட்டம். அந்த வட்டத்தின் பாதியை ஆகஸ்ட் கடைசியில் 1 அடி ஆழத்துக்கு வாய்க்காலாக வெட்டி, எருவும் மணலும் போட்டு மூடுங்கள். மூன்று வாரம் கழித்து மீதிப் பாதி. இன்னும் மூன்று வாரம் போனால் அக்டோபர் மழை தொடங்கும், அப்போது எடுங்கள்.

புதுக் குழியை முன்னதாகவே தயார் செய்யுங்கள். வேர் வெயிலில் காத்திருக்கக் கூடாது. முந்தின நாள் தண்ணீர் விட்டால் மண் உதிராது. பந்தை நனைத்த சாக்கில் கட்டி, அடியைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் பந்து உடையும். 2 அடிப் பந்து 150 கிலோவைத் தாண்டும், தனி ஆளாக முயல வேண்டாம். பழைய மண் மட்டம் தண்டில் கோடாகத் தெரியும், புது இடத்திலும் அதே மட்டத்தில் நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் பட்டை அழுகும். குச்சி கட்டி, ஒரு மாதம் உரமில்லாமல் தண்ணீர் மட்டும்.

12. எடுத்துவிடுதல்

வேம்பு, புங்கன் போன்றவை வெட்டிய கட்டையிலிருந்து விடாமல் துளிர்க்கும். மண்ணுக்கு அரை அடி கீழே அறுத்து, கட்டையின் பட்டையை உரித்து, கறுப்புப் பாலித்தீனால் மூடி மண் போடுங்கள். வரும் துளிரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒடியுங்கள். வெளிச்சமும் இலையும் இல்லாமல் வேரின் சேமிப்பு தீர்ந்து சில மாதங்களில் சாகும்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசு, ஆலை மேலே மட்டும் கிள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே வேர்தான் பருக்கும். ஆசிட் ஊற்றினால் சிமெண்டும் கம்பியும் கெடும், வேர் தப்பிவிடும். மழைக்கு முன் பூச்சைக் கொத்தி, வேர் போன வழியே பின்தொடர்ந்து, நூல் வேர் வரை இழுத்தெடுத்து, சிமெண்டுக் கலவையால் விரிசலை அடைக்க வேண்டும். கன்று ஒரு சாண் இருக்கும்போது ஒரு மணி நேர வேலை. ஓர் ஆள் உயரம் வந்துவிட்டால் சுவரின் அந்தப் பகுதியை இடித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

13. வெட்டிய கிளைகள்

நல்ல தழையை நறுக்கி உரக்குழியில் போடலாம். மாவுப்பூச்சி, சொறிநோய் கண்டதை மூட்டையாகக் கட்டி வெளியேற்றுங்கள். உரக்குழியில் போட்டால் திரும்பி வரும்.

அரளி இருந்தால் தனியாக வையுங்கள். இலை, தண்டு, பால் எல்லாமே நஞ்சு. ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாது. குழந்தைகள் குச்சியை எடுத்து விளையாடுமுன் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.